'ஒன் த லெஃப்ட்' – திசை கூறும் தொடரின் பொருளும் பயன்பாடும்



நாற்சந்தி ஒன்றில் நீங்கள் நிற்கிறீர்கள். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் அருகில் வந்து, வைத்தியசாலைக்கு எப்படிப் போவது என்று ஆங்கிலத்தில் கேட்கிறார். வழி உங்களுக்கு நன்றாகத் தெரியும். தமிழில் என்றால் அரை நிமிடத்திற் சொல்லி முடித்துவிடுவீர்கள். 'லெஃப்ட்' என்றால் இடப்பக்கம், 'ரைட்' என்றால் வலப்பக்கம் என்பதும் சிறு வகுப்பிலேயே படித்தவைதான். இருந்தும் வாய் தயங்குகிறது. 'லெஃப்ட்' என்று மட்டும் சொல்வதா? 'ஒன் த லெஃப்ட்' என்பதா? 'டு த லெஃப்ட்' என்பதா?

இந்தத் தயக்கமே பரீட்சை மண்டபத்திலும் வருகிறது. வரைபடத்தைப் பார்த்து வழி எழுதும் வினா, படத்தை விவரிக்கும் வினா, நண்பரை வீட்டுக்கு அழைத்துக் கடிதம் எழுதும் வினா ஆகிய மூன்றிலும் இத்தொடர்கள் தேவைப்படுகின்றன. இவற்றிலுள்ள வேறுபாட்டை ஒருமுறை சரியாக விளங்கிக் கொண்டால் பின்னர் மனனஞ் செய்ய வேண்டியதில்லை. அதற்கான திறவுகோல் நாம் பேசும் தமிழிலேயே இருக்கிறது.

(இப்பாடத்தில் ஆங்கிலத் தொடர்கள் வாய்விட்டுச் சொல்லிப் பழகுவதற்காக ஒலிக்கேற்பத் தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. அவற்றை உங்கள் அப்பியாசக் கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதி, எழுத்துக்கூட்டலை அகராதியிற் சரிபார்த்துக் கொள்ளுங்கள்.)

1. மூன்று வாக்கியங்கள்

பின்வரும் மூன்று வாக்கியங்களையும் கவனமாக நோக்குங்கள்.

(அ) டேர்ண் லெஃப்ட் அட் த ஜங்ஷன்.
சந்தியில் இடப்பக்கம் திரும்புங்கள்.

(ஆ) த பாங்க் இஸ் ஒன் த லெஃப்ட்.
வங்கி இடப்பக்கத்தில் இருக்கிறது.

(இ) த பாங்க் இஸ் டு த லெஃப்ட் ஒஃப் த ஸ்கூல்.
வங்கி பாடசாலைக்கு இடப்பக்கத்தில் இருக்கிறது.

முதலாவது வாக்கியம் ஒரு செயலைக் கூறுகிறது. கேட்பவர் திரும்ப வேண்டும். இங்கே 'லெஃப்ட்' வினையடையாக வந்து, எப்பக்கம் திரும்புவது என்பதைக் காட்டுகிறது. எனவே அதற்கு முன்னே 'ஒன்' என்பதோ 'த' என்பதோ வேண்டியதில்லை.

இரண்டாவது வாக்கியம் ஓர் இடத்தைக் கூறுகிறது. வங்கி எங்கும் திரும்பவில்லை. அது ஒரு பக்கத்தில் இருக்கிறது. இங்கே 'லெஃப்ட்' பெயர்ச்சொல். அதனால் 'ஒன் த' என்பது அதன் முன்னே வருகிறது.

மூன்றாவது வாக்கியமும் இடத்தையே கூறுகிறது. ஆனால் வேறொரு பொருளை அடையாளமாக வைத்துக் கூறுகிறது. பாடசாலையைக் கொண்டு வங்கியைக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு 'டு த லெஃப்ட் ஒஃப்' என்பது பொருத்தமானது. 'ஒன் த லெஃப்ட் ஒஃப்' என்றும் எழுதுவதுண்டு, அது பிழையன்று. எப்படி எழுதினாலும் 'ஒஃப்' என்பதை விட்டுவிடக் கூடாது.

'ரைட்' என்ற சொல்லுக்கும் இதே விதிகள் பொருந்தும்.

2. தமிழ் உருபைக் கவனியுங்கள்

மேலே உள்ள தமிழ் வாக்கியங்களை மீண்டும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

'இடப்பக்கம் திரும்புங்கள்' என்பதில் 'இடப்பக்கம்' என்ற சொல்லுடன் உருபு எதுவும் சேரவில்லை. ஆங்கிலத்திலும் 'லெஃப்ட்' தனியே நிற்கிறது.

'இடப்பக்கத்தில் இருக்கிறது' என்பதில் 'இல்' உருபு சேர்ந்துள்ளது. ஆங்கிலத்தில் 'ஒன் த' சேர்கிறது.

'பாடசாலைக்கு இடப்பக்கத்தில்' என்பதில் பாடசாலையுடன் 'கு' உருபு சேர்ந்துள்ளது. ஆங்கிலத்தில் 'டு த லெஃப்ட் ஒஃப்' வருகிறது.

ஆகவே எழுதுமுன் வாக்கியத்தை மனதிலே தமிழிற் சொல்லிப் பாருங்கள். உருபு இல்லையேல் தனிச்சொல். 'இல்' வந்தால் 'ஒன் த'. அடையாளப் பொருளுடன் 'கு' வந்தால் 'டு த … ஒஃப்'.

அப்படியானால் மாணவர்கள் ஏன் பிழை விடுகிறார்கள்? உருபைக் கவனித்தாலும் அதைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்துவிடுகிறார்கள். 'இல்' என்றால் 'இன்' என்று எண்ணி 'இன் த லெஃப்ட்' என எழுதுகிறார்கள். தமிழின் 'இல்' உருபு ஒன்றே; ஆங்கிலத்தில் அதற்கு ஈடாக வரும் முன்னிடைச்சொற்கள் பல. வீட்டில் என்பது 'இன் த ஹவுஸ்'. மேசையில் என்பது 'ஒன் த டேபிள்'. சந்தியில் என்பது 'அட் த ஜங்ஷன்'. இடப்பக்கத்தில் என்பது 'ஒன் த லெஃப்ட்'. எந்தச் சொல்லுடன் எந்த முன்னிடைச்சொல் வரும் என்பதைச் சேர்த்தே படிக்க வேண்டும்.

இன்னொரு பிழையும் அடிக்கடி காணப்படுகிறது. தமிழில் 'பக்கம்' இருப்பதால் 'டேர்ண் லெஃப்ட் சைட்' என எழுதுவர். அது பிழை. 'டேர்ண் லெஃப்ட்' என்பதிலேயே பக்கம் அடங்கிவிடுகிறது. 'சைட்' என்ற சொல்லைப் பயன்படுத்த விரும்பினால் இடத்தைக் கூறும்போது 'ஒன் த லெஃப்ட்-ஹாண்ட் சைட்' என முழுமையாக எழுதலாம்.

3. யாருடைய இடப்பக்கம்?

இலக்கணம் சரியாக இருந்தும் வழி தவறிப்போகலாம். உங்களிடம் வழி கேட்பவர் உங்களுக்கு முகங்கொடுத்து நிற்கிறார். உங்கள் இடப்பக்கம் அவருடைய வலப்பக்கம். நீங்கள் உங்கள் கையை நினைத்துக்கொண்டு 'லெஃப்ட்' என்று சொன்னால் அவர் எதிர்த்திசையிற் போய்விடுவார்.

இது அற்பமான சிக்கல் அன்று. பலர் சேர்ந்து பணியாற்றும் துறைகளில் இதற்கெனத் தனியான வழமைகள் உண்டு.

கப்பலை எடுத்துக் கொள்வோம். மாலுமிகள் பல திசைகளைப் பார்த்தபடி வேலை செய்வார்கள். 'இடப்பக்கம்' என்று ஒருவர் கத்தினால் ஆளுக்கொரு பக்கம் பார்க்க நேரிடும். எனவே கப்பலின் முன்பகுதியை நோக்கி நிற்பவரின் இடப்பக்கத்துக்கு 'போர்ட்' என்றும் வலப்பக்கத்துக்கு 'ஸ்டார்போர்ட்' என்றும் பெயரிட்டார்கள். முற்காலத்தில் இடப்பக்கத்தை 'லார்போர்ட்' என்றே அழைத்தனர். இரு சொற்களும் ஒலியில் ஒத்திருந்தமையால், காற்றிரைச்சலில் ஒன்றை மற்றொன்றாகக் கேட்கும் ஆபத்து இருந்தது. பிரித்தானியக் கடற்படை 1844 இல் 'லார்போர்ட்' என்பதைக் கைவிட்டு 'போர்ட்' என்பதையே பயன்படுத்தக் கட்டளையிட்டது. இரவிலும் குழப்பம் வராதிருக்க இடப்பக்கத்திற் சிவப்பு விளக்கும் வலப்பக்கத்திற் பச்சை விளக்கும் எரிகின்றன.

வைத்தியத் துறையில் 'இடது கை' என்றால் அது எப்போதும் நோயாளியின் இடது கை, பார்க்கும் வைத்தியருடையதன்று. வைத்தியர் நெஞ்சு எக்ஸ்ரே படத்தைப் பார்க்கும்போது நோயாளியின் இடப்பக்கம் வைத்தியரின் வலப்பக்கமாகத் தெரியும்படி படம் வைக்கப்படுகிறது. பக்கம் மாறிவிட்டால் விளைவு என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அதனாலேயே படத்தில் பக்கத்தைக் குறிக்கும் எழுத்தும் இடப்படுகிறது.

நமது குளங்களையும் நோக்குங்கள். கிளிநொச்சி இரணைமடுக் குளத்திலிருந்து இடது கரை வாய்க்கால், வலது கரை வாய்க்கால் என இரண்டு பிரதான வாய்க்கால்கள் செல்கின்றன. எது இடது? நீர் ஓடும் திசையை நோக்கி நிற்பவரின் இடப்பக்கமே இடது கரை. ஆறுகளின் கரைகளுக்கும் இதுவே விதி.

அன்றாட ஆங்கிலத்தில் இச்சிக்கலைத் தீர்ப்பது ஒரு சிறிய சொல். 'த' என்பதற்குப் பதிலாக 'யுவர்' என்று சொல்லுங்கள்.

த ஹொஸ்பிட்டல் இஸ் ஒன் யுவர் லெஃப்ட்.
வைத்தியசாலை உங்கள் இடப்பக்கத்தில் இருக்கிறது.

அத்துடன் எத்திசையிற் போகும்போது என்பதையும் சேர்த்தால் ஐயத்துக்கு இடமில்லை.

அஸ் யூ கம் அவுட் ஒஃப் த பஸ் ஸ்டாண்ட், த பாங்க் இஸ் ஒன் யுவர் லெஃப்ட்.
பஸ் நிலையத்திலிருந்து வெளியே வரும்போது வங்கி உங்கள் இடப்பக்கத்தில் இருக்கும்.

நேரிற் சொல்லும்போது இன்னோர் உபாயமும் உண்டு. வழி கேட்பவருக்கு எதிரே நில்லாமல், அவர் போக வேண்டிய திசையைப் பார்த்து அவருக்கு அருகே நின்று சொல்லுங்கள். அப்போது இருவரின் இடப்பக்கமும் ஒன்றாகிவிடும்.

படத்தை விவரிக்கும்போது 'த போய் ஒன் த லெஃப்ட்' என்றால் படத்தைப் பார்ப்பவரின் இடப்பக்கத்தில் உள்ள சிறுவன் என்பதே பொருள். படத்திலுள்ள ஒருவரின் சொந்த இடப்பக்கத்தைக் கூற வேண்டுமானால் 'ஒன் ஹிஸ் லெஃப்ட்' அல்லது 'ஒன் ஹேர் லெஃப்ட்' என எழுத வேண்டும்.

4. 'த செகண்ட் டேர்ணிங் ஒன் த லெஃப்ட்'

'டேக் த செகண்ட் டேர்ணிங் ஒன் த லெஃப்ட்' என்றால் இடப்பக்கமாகப் பிரியும் இரண்டாவது வீதியிலே திரும்புங்கள் என்பது பொருள். இதைச் சுருக்கி 'டேக் த செகண்ட் லெஃப்ட்' என்றும் சொல்வார்கள்.

கவனிக்க: எண்ணும்போது இடப்பக்கம் பிரியும் வீதிகளை மட்டுமே எண்ண வேண்டும். வலப்பக்கம் பிரியும் வீதிகள் கணக்கில் வரா. வரைபட வினாவில் எல்லா வீதிகளையும் சேர்த்து எண்ணிவிட்டால் அதன்பின் எழுதுவதெல்லாம் தவறாகிவிடும்.

நேரே செல்லுமாறு கூற 'கோ ஸ்ட்ரெயிட்' அல்லது 'கோ ஸ்ட்ரெயிட் அஹெட்' எனலாம். 'ஸ்ட்ரெயிட்லி' என எழுதுவது பிழை. வீதி அறிவிப்புகளில் வரும் 'கீப் லெஃப்ட்' என்பதன் பொருள் திரும்புங்கள் என்பதன்று. இடப்பக்கமாகவே தொடர்ந்து செல்லுங்கள் என்பதாகும். இலங்கையில் வாகனங்கள் வீதியின் இடப்பக்கத்தாற் செல்கின்றன. எனவே பஸ்ஸில் நாம் ஏறும் வாசலும் இடப்பக்கத்திலேயே உள்ளது. எது இடம், எது வலம் என்று அவசரத்தில் தடுமாறுபவர்கள் இதை நினைவிற் கொள்ளலாம்.

5. திசையைக் குறிக்காத 'லெஃப்ட்', 'ரைட்'

இவ்விரு சொற்களும் எப்போதும் திசையையே குறிக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். வாசிப்புப் பகுதி வினாக்களில் இங்கேதான் தடுமாற்றம் ஏற்படுகிறது.

ஷி லெஃப்ட் த ஷொப். – அவள் கடையை விட்டுச் சென்றாள். இங்கே 'லெஃப்ட்' என்பது 'லீவ்' என்ற வினைச்சொல்லின் இறந்தகால வடிவம்.

டூ சீட்ஸ் ஆர் லெஃப்ட். – இரண்டு ஆசனங்கள் மீதமாக உள்ளன.

யுவர் ஆன்சர் இஸ் ரைட். – உமது விடை சரியானது.

த பாங்க் இஸ் ரைட் நெக்ஸ்ட் டு த ஸ்கூல். – வங்கி பாடசாலையை ஒட்டியே இருக்கிறது. இங்கே 'ரைட்' என்பது 'சரியாக', 'ஒட்டியே' என்ற அழுத்தத்தைத் தருகிறது. வங்கி எப்பக்கத்தில் என்று இவ்வாக்கியம் கூறவில்லை.

இனி இவ்விரு வாக்கியங்களையும் ஒப்பிடுங்கள்.

கோ ரைட் டு த என்ட் ஒஃப் த ரோட். – வீதியின் முடிவு வரைக்கும் செல்லுங்கள்.

டேர்ண் ரைட் அட் த என்ட் ஒஃப் த ரோட். – வீதியின் முடிவில் வலப்பக்கம் திரும்புங்கள்.

முதலாவதில் திரும்புதல் இல்லவே இல்லை. பஸ் நடத்துநர் 'றைற்' என்று குரல் கொடுக்கும்போது சாரதி வண்டியை வலப்பக்கம் திருப்புவதில்லை. சரி, புறப்படலாம் என்றே விளங்கிக் கொள்கிறார். அதுபோலவே நீங்களும் அச்சொல் வரும் இடத்தைக் கொண்டு அதன் பொருளை அறிய வேண்டும்.

இன்னொரு முன்னெச்சரிக்கை. 'இஸ் இட் ஒன் த லெஃப்ட்?' என ஒருவர் கேட்டால், சரி என்பதற்கு 'ரைட்' எனப் பதில் கூறாதீர்கள். அவர் வலப்பக்கம் என எண்ணக்கூடும். 'யெஸ், ஒன் த லெஃப்ட்' என்று சொல்வதே பாதுகாப்பானது.

6. மாதிரி வினா

பின்வரும் விவரத்தை வாசித்து வரைபடம் ஒன்றை நீங்களே கீறிக் கொள்ளுங்கள்.

பஸ் நிலையம் பிரதான வீதியின் தெற்கு முனையில் உள்ளது. அங்கிருந்து வடக்கு நோக்கி நடக்கும்போது முதலில் வலப்பக்கமாகக் கோயில் வீதி பிரிகிறது. அதன்பின் இடப்பக்கமாகச் சந்தை வீதி. அதற்கும் அப்பால் இடப்பக்கமாக நூலக வீதி. நூலக வீதியில் திரும்பி நடந்தால் வலப்பக்கத்தில் நூலகம் வரும். அதைத் தாண்டியதும் அதே வரிசையில் தபாற்கந்தோர் உள்ளது.

வினா: பஸ் நிலையத்திலிருந்து தபாற்கந்தோருக்குச் செல்லும் வழியை எழுதுக.

விடை: கோ ஸ்ட்ரெயிட் அலோங் த மெயின் ரோட். டேக் த செகண்ட் டேர்ணிங் ஒன் த லெஃப்ட். வோக் அலோங் லைப்ரரி ரோட். யூ வில் சீ த லைப்ரரி ஒன் யுவர் ரைட். த போஸ்ட் ஒஃபிஸ் இஸ் டு த லெஃப்ட் ஒஃப் த லைப்ரரி.

விளக்கம்: நூலக வீதி மொத்தத்தில் மூன்றாவது வீதி, இடப்பக்கத்தில் இரண்டாவது. எனவே 'செகண்ட்' என்பதே சரி. வீதியில் நின்று நூலகத்தை நோக்குபவருக்குத் தபாற்கந்தோர் அதன் இடப்பக்கத்தில் தெரியும். ஆனால் நூலகத்தின் உள்ளிருந்து வெளியே வருபவருக்கு அது வலப்பக்கத்தில் இருக்கும். கட்டடம் மாறவில்லை, நிற்பவரின் முகம் மாறிவிட்டது. ஆகவே வழி எழுதும் ஒவ்வொரு வரியிலும் உங்கள் விரலை வரைபடத்தில் வைத்து, விரல் போகும் திசைக்குத் தாளையும் திருப்பிப் பார்த்துக் கொள்ளுங்கள்.

7. பயிற்சி

கோடிட்ட இடங்களை 'லெஃப்ட்', 'ஒன் த லெஃப்ட்', 'டு த லெஃப்ட்' ஆகியவற்றுள் பொருத்தமானதைக் கொண்டு நிரப்புக.

(1) டேர்ண் ……… அட் த டெம்பிள்.
(2) வோக் அலோங் திஸ் ரோட். யூ வில் சீ எ ஷொப் ……… .
(3) த மார்க்கட் இஸ் ……… ஒஃப் த பாங்க்.
(4) டேக் த தேர்ட் டேர்ணிங் ……… .

பின்வருவனவற்றின் பொருளைத் தமிழில் எழுதுக.

(5) த பஸ் லெஃப்ட் அட் சிக்ஸ்.
(6) த்ரீ புக்ஸ் ஆர் லெஃப்ட்.
(7) த ஸ்கூல் இஸ் ரைட் நெக்ஸ்ட் டு த சேர்ச்.

மேலே கீறிய வரைபடத்தைக் கொண்டு விடை எழுதுக.

(8) தபாற்கந்தோரிலிருந்து பஸ் நிலையத்துக்குத் திரும்பி வரும் வழி யாது?

விடைகள்

(1) லெஃப்ட். (2) ஒன் த லெஃப்ட். (3) டு த லெஃப்ட். 'ஒன் த லெஃப்ட்' எனினும் ஏற்கலாம். (4) ஒன் த லெஃப்ட். (5) பஸ் ஆறு மணிக்குப் புறப்பட்டுச் சென்றது. (6) மூன்று புத்தகங்கள் மீதமாக உள்ளன. (7) பாடசாலை தேவாலயத்தை ஒட்டியே இருக்கிறது.

(8) கம் அவுட் ஒஃப் த போஸ்ட் ஒஃபிஸ் அண்ட் டேர்ண் லெஃப்ட். வோக் பாஸ்ட் த லைப்ரரி. இட் இஸ் ஒன் யுவர் லெஃப்ட். டேர்ண் ரைட் அட் த என்ட் ஒஃப் லைப்ரரி ரோட். கோ ஸ்ட்ரெயிட் டு த என்ட் ஒஃப் த மெயின் ரோட். த பஸ் ஸ்டாண்ட் இஸ் தெயர்.

எட்டாவது வினாவிற் போகும்போது வலப்பக்கத்தில் இருந்த நூலகம் திரும்பும்போது இடப்பக்கத்துக்கு வந்துவிட்டதைக் கவனித்தீர்களா? போன வழியைத் தலைகீழாக எழுதினால் மட்டும் போதாது. ஒவ்வொரு 'லெஃப்ட்', 'ரைட்' என்பதையும் புதிதாகச் சிந்தித்தே எழுத வேண்டும்.

நினைவிற் கொள்க

திரும்புவது செயல்: டேர்ண் லெஃப்ட்.
இருப்பது இடம்: ஒன் த லெஃப்ட்.
ஒன்றைக் கொண்டு மற்றொன்றைக் காட்டுவது: டு த லெஃப்ட் ஒஃப்.
ஐயம் வரும் இடத்தில்: ஒன் யுவர் லெஃப்ட்.

இன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு வேலை செய்யுங்கள். பாடசாலை வாசலிலிருந்து உங்கள் வீட்டுப் படலை வரைக்கும் ஒவ்வொரு திருப்பத்தையும் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொல்லிக்கொண்டே நடவுங்கள். மறுநாட் காலை வரும்போது அதே வழியைத் திரும்பச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் இத்தொடர்கள் நாவிற் பழகிவிடும். அதன்பின் வினாத்தாளிலும் தயக்கம் இராது. சந்தியில் நின்று வைத்தியசாலைக்கு வழி கேட்பவரும் உங்கள் சொல்லை நம்பி நடந்து, போக வேண்டிய இடத்துக்கே போய்ச் சேர்வார்.